பீசகணிதம்

அமெரிக்க மிஷனரிமார் 1823இல் நிறுவிய வட்டுக்கோட்டைச் செமினறி 1855இல் மூடப்பட்டது. அதே ஆண்டில் அதன் மாணாக்கர் கறோல் விசுவநாதபிள்ளையின் ‘பீசகணிதம்’ தமிழில் வெளிவந்தது. ஆங்கிலமே உயர்கல்விக்கு வாயிலாயிருந்த காலத்தில் இது சிறிய துணிவன்று. பீசமாவது வித்து. நம் பாடசாலைகளில் இன்று வழங்கும் பெயர் அட்சரகணிதம்.

இதனை வளர்ந்தபின் மீளக் கற்பவரும் இடறுமிடம் இருபடிச் சமன்பாடு. 40 தென்னம்பிள்ளைகளை நடுகின்றோம். வரிசைகளின் தொகையிலும் ஒரு வரிசையிலுள்ள பிள்ளைகள் 3 அதிகம். வரிசைகள் எத்தனை? அத்தொகையை ‘அ’ என்போம். அ-வை அ+3ஆற் பெருக்க 40. விடைகளோ இரண்டு: 5, மறை 8. மறை எட்டு வரிசையை எக்காணியிலும் நடவொண்ணாது, ஆகவே தள்ளுகின்றோம். ஆயினும் சமன்பாட்டின்மேற் பிழையில்லை: மறை 8ஐ மறை 5ஆற் பெருக்கினாலும் 40 தானே!