பிள்ளைக்கு ஞாபக சக்தி குறைவா? படிக்கும் முறையைப் பாருங்கள்

"சேர், மகன் நல்லாத்தான் படிக்கிறான். பரீட்சை மண்டபத்துக்குப் போனா எல்லாம் மறந்துபோகுதாம்." மஹய்யாவயில் பெற்றோர் என்னிடம் அடிக்கடி சொல்லும் முறைப்பாடு இது. க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை நெருங்க நெருங்க இது கூடும். சில வீடுகளில் தீர்ப்பும் கூடவே வந்துவிடும்: "இவனுக்குப் படிப்பு ஏறாது, கடையில விடுவோம்."

அந்தத் தீர்ப்புக்கு முன் பிள்ளை எப்படிப் படிக்கிறான் என்று பார்க்க வேண்டும். பெரும்பாலான மாணவர்கள் டியூஷன் குறிப்பை விரித்து, மஞ்சள் பேனையால் கோடு போட்டு, அதையே நான்கைந்து தடவை வாசிக்கிறார்கள். ஐந்தாவது தடவை எல்லாம் பழக்கமாகத் தெரியும். "பாடமாகிவிட்டது" என்று புத்தகத்தை மூடிவிடுவார்கள். ஆனால் பார்த்ததும் தெரிவது வேறு, பாராமல் நினைவுக்குக் கொண்டுவருவது வேறு. பரீட்சை கேட்பது இரண்டாவதை.

ஆசிரியர் கலாசாலையில் கல்வி உளவியல் படித்த எவருக்கும் ஹெர்மன் எபிங்ஹாஸின் பெயர் தெரியும். பொருளற்ற அசைகளைத் தானே மனனம் செய்து, தன் மறதியைத் தானே அளந்து 1885இல் நூலாக வெளியிட்டவர் அவர். மறதி முதல் சில மணி நேரத்திலேயே வேகமாக நிகழ்கிறது, பின்னர் அதன் வேகம் குறைகிறது என்று அவர் கண்டார். ஆகவே மறப்பது மந்த புத்தியின் அடையாளமல்ல, எல்லா மனிதரின் இயல்பு.

இதற்கு மருந்து என்ன? அமெரிக்காவின் சென் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ரோடிகர், கார்பிக் என்ற இருவர் 2006இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். ஒரு குழுவினர் ஒரு பந்தியை நான்கு அமர்வுகளிலும் வாசித்தார்கள். இன்னொரு குழுவினர் ஓர் அமர்வில் மட்டும் வாசித்துவிட்டு, மற்ற மூன்றிலும் பாராமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடத்தின் பின் சோதித்தபோது வாசித்தவர்களே முன்னணியில் இருந்தனர்: 83 வீதத்துக்கு 71 வீதம். ஒரு வாரத்தின் பின் நிலைமை தலைகீழானது. வாசித்தவர்களிடம் எஞ்சியது 40 வீதம், நினைவுகூர்ந்தவர்களிடம் 61 வீதம். நம் பிள்ளைகள் ஏமாறும் இடமும் இதுதான். இரவு வாசித்த உடனே எல்லாம் தெரிகிறது, அடுத்த வாரம் காணாமல் போகிறது.

இது நமக்குப் புதிய செய்தியல்ல. ஹிப்ழ் மத்ரஸாவில் மாணவன் முஸ்ஹஃபை மூடிவிட்டுத்தான் உஸ்தாதிடம் பாடம் கொடுக்கிறான். புதிய பாடத்தோடு நேற்றைய பாடத்தையும், முறை வைத்துப் பழைய ஜுஸ்உகளையும் ஓதிக் காட்டுகிறான். தடுமாறும் இடத்தில் உஸ்தாத் உடனே திருத்துகிறார். ஓதி வராவிட்டால், கட்டவிழ்ந்த ஒட்டகத்தைவிட விரைவாகக் குர்ஆன் உள்ளத்திலிருந்து நழுவிவிடும் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளதையும் நாம் அறிவோம். 1907இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் சதாவதானம் செய்துகாட்டிய செய்குத்தம்பிப் பாவலரும் நம் சமூகத்தவரே. பலர் இடையிடையே கேட்பதை மனதில் நிறுத்தி, வேறு வேலைக்குப் போய், திரும்பி வந்து மீட்டுச் சொல்வதே அவதானக் கலை.

ஹிப்ழுக்குக் கடைப்பிடிக்கும் ஒழுங்கை விஞ்ஞானத்துக்கும் வரலாற்றுக்கும் நாம் ஏன் கடைப்பிடிப்பதில்லை?

செலவில்லாத வழிகள் இவை. பாடத்தை ஒருமுறை விளங்கி வாசித்ததும் கொப்பியை மூடி, வெற்றுத்தாளில் நினைவுக்கு வருவதை எழுதச் சொல்லுங்கள். பிறகு கொப்பியைத் திறந்து விடுபட்டதையும் பிழையையும் திருத்தட்டும். திருத்தாவிட்டால் பிழையே மனதில் பதிந்துவிடலாம். அடுத்த நாள், மூன்று நாள் கழித்து, ஒரு வாரம் கழித்து என இடைவெளி விட்டு மீண்டும் எழுதட்டும். கடந்தகால வினாத்தாள்களை விடையைப் பார்க்காமல் செய்யட்டும். உம்மாவுக்குப் பாடம் தெரிய வேண்டியதில்லை. கொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று கேள்வி கேட்டாலே போதும்.

விளங்காத பாடத்தை இந்த முறை விளங்க வைக்காது. அதற்கு ஆசிரியர் வேண்டும். மூடிய கொப்பியின் முன் பிள்ளை தடுமாறுவதும் இயல்பே. அப்படித் தேடித் தேடி எடுக்கும்போதுதான் நினைவு பலப்படுகிறது. அந்த நேரத்தில் ஏசாதீர்கள். ஒரு தவணையாவது இப்படிப் படிக்க விட்டுப் பாருங்கள். கடையா, கல்வியா என்ற பேச்சை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.