பதில் வராத விண்ணப்பங்கள்

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியை மிதித்த முதல் ஆள் நான். "நீ நன்றாகப் படி, வேலை தானாக வரும்" என்பார் என் தந்தை. அடுத்த ஆண்டு நானும் விண்ணப்பங்கள் அனுப்பத் தொடங்குவேன். பதில் வராவிட்டால், குறை என் தகுதியிலா, பார்ப்பவர் கண்ணிலா என்று எப்படி அறிவது? இக்கேள்வியை நெடுநாளாகக் கேட்டு வருபவர்கள் அமெரிக்கக் கறுப்பின மக்கள்.

அங்கே இனம் பார்த்து வேலை மறுப்பதை 1964ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்தது. ஆயினும் அது நின்றுவிட்டதா என்று ஆராய்வது எளிதன்று. முதலாவதாக, "நிறம் பார்த்தேன்" என்று எந்த முதலாளியும் ஒப்புக்கொள்ள மாட்டார். இரண்டாவதாக, மறுக்கப்பட்டவருக்குத் தம் விண்ணப்பம் மட்டுமே தெரியும், தேர்வானவருடையது தெரியாது. மூன்றாவதாக, இருவரை ஒப்பிடலாமென்றால், படிப்பும் அனுபவமும் இருவருக்கும் ஒன்றாக இருப்பதில்லை.

ஆய்வகத்தில் பாயில் விதியைச் சரிபார்க்கும்போது நாம் என்ன செய்கிறோம்? வெப்பநிலையை மாற்றாமல் அழுத்தத்தை மட்டும் மாற்றுகிறோம். மரியான் பெர்ட்ரண்டும், இந்தியச் சிற்றூர் ஒன்றில் பிறந்த செந்தில் முல்லைநாதனும் இதையே செய்தார்கள். 2001, 2002ஆம் ஆண்டுகளில் பாஸ்டன், சிகாகோ நகரங்களின் 1300க்கு மேற்பட்ட வேலை விளம்பரங்களுக்குச் சுமார் 5000 கற்பனை விண்ணப்பங்களை அனுப்பினார்கள். தகுதிகளை ஒத்தவாறு அமைத்துப் பெயரை மட்டும் மாற்றினார்கள்: எமிலி, கிரெக் என வெள்ளையர் பெயர்கள், லகீஷா, ஜமால் எனக் கறுப்பினத்தவர் பெயர்கள்.

2004இல் முடிவு வெளியாயிற்று. ஓர் அழைப்புப் பெற வெள்ளையர் பெயருக்குச் சுமார் 10 விண்ணப்பங்கள் போதும். கறுப்பினப் பெயருக்கு 15 வேண்டும். இன்னொன்று என் நெஞ்சைத் தைத்தது. தகுதியைக் கூட்டி எழுதியபோது வெள்ளையர் பெயர்களுக்கு அழைப்பு நன்கு கூடியது. மற்றவர்களுக்குக் கூடியதோ சிறிதளவே!

இச்சோதனையும் குறையற்றதன்று. பெயர் இனத்தோடு குடும்ப நிலையையும் காட்டக்கூடும். மேலும், சோதனை அழைப்போடு நின்றுவிடுகிறது. வேலையில் சேர்ந்தபின் ஊதியத்திலும் பதவி உயர்விலும் நடப்பதை அது சொல்லாது.

இந்தியாவிலும் சுகதேவ் தோரட், பால் அட்டெவெல் இருவரும் சாதி, மதம் காட்டும் பெயர்களைக் கொண்டு இவ்வாறே ஆராய்ந்து 2007இல் வெளியிட்டனர். தலித், முஸ்லிம் பெயர்களுக்கு அழைப்பு குறைவாகவே வந்தது.

என் தந்தை சொல் பொய்யன்று, படிக்கத்தான் வேண்டும். ஆனால் பதில் வராத ஒவ்வொரு கடிதத்துக்கும் நம்மையே நொந்துகொள்ள வேண்டியதில்லை என்பதை இந்த எண்கள் எனக்குக் கற்றுத் தந்தன. நண்பர்களே! நாளை நம்மில் சிலர் விண்ணப்பங்களைப் பிரித்துப் பார்க்கும் நாற்காலியில் அமரலாம். அன்று பெயரை மறைத்துவிட்டுத் தகுதியைப் படிப்போம்.