புதைத்தவர் பெயரில்லாத பொற்காசுகள்

திருவானைக்காவல் ஜம்புகேஸ்வரர் – அகிலாண்டேஸ்வரி கோயில்

2020 பிப்ரவரியில் இக்கோயிலில் மண் தோண்டியபோது, சுமார் 7 அடி ஆழத்தில் ஓர் உலோகக் கலம் கிடைத்தது. உள்ளே 505 பொற்காசுகள்: 504 சிறியவை, 1 பெரியது. மொத்த எடை 1.716 கிலோ. காசுகளில் அரபு எழுத்துகள் காணப்பட்டன.

சராசரியாக ஒரு காசு 3.4 கிராம், வராகன் என்ற பழைய பொற்காசின் எடையும் ஏறத்தாழ அதுவே. இடுப்பில் முடிந்துகொள்ளும் சில்லறை அல்ல இது, பெருஞ்சேமிப்பு. புதைத்தவர் யார், ஏன் திரும்பி வரவில்லை என்பது புதிர்தான். காசுகள் அதிகாரிகளிடம் ஒப்படைக்கப்பட்டன.

1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைக் கண்டெடுப்பவர் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும்.