பெட்டியின் அடியில் ஒரு பழைய சட்டை



பெருநாள் நெருங்கும்போது அலுமாரியைத் துப்புரவு செய்கிறீர்கள். புதிய உடுப்புகளுக்கு இடம் வேண்டும். அடியில் கிடக்கும் பழையவற்றை இழுத்து வெளியே போடும்போது, மடிப்புக் கலையாத சட்டை ஒன்று கையில் அகப்படுகிறது. உம்மாவின் கலியாணச் சட்டையாக இருக்கலாம். வாப்பா கடைக்கு உடுத்துப்போன சாரமாக இருக்கலாம். உம்மம்மா தன் கையால் தைத்த குழந்தைச் சட்டையாகவும் இருக்கலாம். 'இனி இதை யார் உடுப்பது?' என்று சொல்லிவிட்டு, அதைக் கிழித்து நிலம் துடைக்கும் துணியாக்குவது இலகு. கொஞ்சம் பொறுங்கள்! அந்தத் துணியைப் பற்றித்தான் இந்த மாதம் உங்களோடு பேச விரும்புகிறேன்.

ஊசியும் நூலும்

நம் மார்க்கத்தில் தையல் தாழ்ந்த வேலையாக எண்ணப்பட்டதில்லை. நபி (ஸல்) அவர்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என்று கேட்கப்பட்டபோது, தமது ஆடையைத் தாமே தைத்துக்கொள்வார்கள், செருப்பையும் தாமே செப்பனிடுவார்கள் என்ற கருத்தில் ஆயிஷா (ரலி) அவர்கள் விடையளித்தார்கள். நோன்பாளிக்கு வைகறையை விளக்க வந்த திருக்குர்ஆன், வெள்ளை நூலையும் கறுப்பு நூலையும் எடுத்துக் காட்டுகிறது. அறபு மொழியில் நூலுக்குக் 'கைத்' என்று பெயர்; தையற்காரருக்குக் 'கய்யாத்' என்று பெயர். பருத்தியை அறபியர் 'குத்ன்' என்பர். ஆங்கிலேயரின் 'கொட்டன்' அதிலிருந்து பிறந்தது. பிரெஞ்சுக்காரர் பாவாடையை 'ஜூப்' என்கிறார்களே, அதுவும் 'ஜுப்பா'வின் வழி வந்த சொல்தான்!

யாழ்ப்பாணத்தில் இந்தத் தொழில் நம்மவரோடு ஒட்டியே இருந்தது. சோனகத் தெருவிலும் அதன் அயலிலும் வாழ்ந்த முஸ்லிம்கள் இரும்பு வியாபாரம், நகைக் கடை, இறைச்சிக் கடை என்று பல தொழில்கள் செய்தார்கள். தையற்காரராக இருந்தோரும் அவர்களில் பலர். முஸ்லிம், இந்து, கிறிஸ்தவர் என்ற வேறுபாடு அளவு நாடாவுக்குத் தெரியாதல்லவா?

வீட்டுப் பெண்களுக்குத் தையல் இயந்திரம் ஒரு சொத்து. சிங்கர் கம்பனி இலங்கையில் 1877ஆம் ஆண்டிலேயே வியாபாரம் தொடங்கிவிட்டது. முழுத் தொகையும் கையில் இல்லாதவரும் மாதாமாதம் தவணை கட்டி வாங்கும் முறையை உலகெங்கும் பரப்பியதும் அதே கம்பனிதான். அதனால்தான் ஏழை வீட்டிலும் கால் மெஷின் ஒன்று சன்னலோரம் நின்றது. கணவனை இழந்த எத்தனையோ தாய்மார் அந்த ஒரு இயந்திரத்தின் துணையால் பிறர் கையை எதிர்பாராமல் பிள்ளைகளை வளர்த்திருக்கிறார்கள். உங்கள் வீட்டில் பழைய சிங்கர் இருந்தால், அதன் அடித்தட்டில் வலப்புறத்தில் பொறித்திருக்கும் எழுத்தையும் எண்ணையும் பாருங்கள். எந்த ஆண்டில் செய்யப்பட்டது என்பதை அந்த எண்ணைக் கொண்டே அறியலாம். ஸ்கொட்லாந்தின் கிளைட்பாங்கில் 1885இல் திறந்து 1980இல் மூடப்பட்ட பெரிய தொழிற்சாலையில் செய்தவை இன்றும் பல வீடுகளில் ஓடிக்கொண்டிருக்கின்றன.

ஒரு தொப்பிக்காக

'உடுப்பில் என்ன இருக்கிறது?' என்று கேட்பவர்களுக்கு ஒரு வரலாற்றைச் சொல்கிறேன். யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த எம். சி. அப்துல் காதர் ஓர் அப்புக்காத்து. 1905ஆம் ஆண்டு, அவர் துருக்கித் தொப்பி அணிந்து உயர் நீதிமன்றத்தில் தோன்றினார். பிரதம நீதியரசர் சேர் சார்ள்ஸ் லேயர்ட் அதை ஏற்கவில்லை. தொப்பியைக் கழற்ற வேண்டும், அல்லது சப்பாத்தைக் கழற்ற வேண்டும் என்றார். அப்துல் காதர் இணங்கவில்லை. செய்தி நாடெங்கும் பரவியது. 1905 டிசம்பர் 31ஆம் திகதி கொழும்பு மருதானைப் பள்ளிவாசல் வளவில் முஸ்லிம்கள் பெருந்திரளாகக் கூடினார்கள். இறுதியில் தொப்பியோடு மன்றில் தோன்றும் உரிமை நம்மவர்க்குக் கிடைத்தது.

இத்தனைக்கும் அந்தத் தொப்பி தொன்றுதொட்டு நம்முடையதா? மொரோக்கோவின் பேஸ் நகரின் பெயரைத் தாங்கியது அது. 1820களில் துருக்கியின் இரண்டாம் மஹ்மூத் சுல்தான் அதைத் தம் படையினருக்கு ஆக்கினார். 1883 முதல் 1901 வரை இலங்கையில் நாடு கடத்தப்பட்டு வாழ்ந்த எகிப்தின் ஒராபி பாஷா அணிந்திருந்ததைக் கண்டு, நம் நாட்டிலும் அது பெரு மதிப்புப் பெற்றது. 1925இல் துருக்கியிலேயே அது சட்டத்தால் தடை செய்யப்பட்டது! ஆக, உடுப்பு ஊர் ஊராய்ப் போகும். காலத்துக்குக் காலம் மாறும். ஆனால் ஒரு சமூகம் அதை எந்த நாளில், எந்த மனத்தோடு உடுத்தது என்பதுதான் அதற்குப் பெறுமதி தருகிறது.

மாற்றுடுப்போடு வந்தவர்கள்

1990 ஒக்டோபர் 30ஆம் திகதியை யாழ்ப்பாணத்து முஸ்லிம் மறக்க முடியுமா? விடுதலைப் புலிகள் ஒலிபெருக்கியில் அறிவித்து, ஒஸ்மானியாக் கல்லூரி மைதானத்துக்கு மக்களை அழைத்தார்கள். இரண்டு மணி நேரத்துக்குள் வெளியேற வேண்டும் என்றார்கள். கையில் 150 ரூபாயும் மாற்றுடுப்பும்தான் என்று அன்று வந்தவர்கள் சொல்வார்கள். நகைகளும் பறிபோயின. வட மாகாணம் முழுவதிலும் இருந்து அந்த ஒக்டோபரில் விரட்டப்பட்டோர் சுமார் 75,000 பேர். பெரும்பாலோர் புத்தளத்தின் ஓலைக் கொட்டில்களில் தஞ்சம் புகுந்தார்கள்.

கொஞ்சம் எண்ணிப் பாருங்கள், சகோதரிகளே! கலியாணப் படம், பள்ளிச் சான்றிதழ், காணி உறுதி, கடைக் கணக்குப் புத்தகம், சன்னலோரத்துத் தையல் இயந்திரம் எல்லாம் பின்னால் நின்றுவிட்டன. உடம்போடு வந்தது உடுப்பு மட்டும். 2009 மே மாதம் போர் முடிந்தபின் திரும்பிப் போனவர்கள் கூரையில்லாத சுவர்களைத்தான் கண்டார்கள். அப்படியானால், அந்த நாளில் உடுத்து வந்த ஒரு சாரி, கையில் எடுத்து வந்த ஒரு பிள்ளைச் சட்டை, யாழ்ப்பாணத்து வீட்டின் கடைசிச் சாட்சியாக ஆகிவிடுகிறதல்லவா? சோனகத் தெருத் தையற்காரரின் தையல் அதில் இன்னும் இருக்கிறது. அவர் கையின் அளவு இருக்கிறது. அதைத்தான் நாம் நிலம் துடைக்கக் கிழிக்கிறோம்!

பிறர் செய்வதைப் பாருங்கள்

பழைய உடுப்பைத் தேடிச் சேர்ப்பதையும், பழைய முறையில் புதிதாகத் தைத்து உடுப்பதையும் மேல்நாட்டு இளம் பெண்கள் பெரும் விருப்பத்தோடு செய்கிறார்கள். லண்டனில் வாழும் நம் பிள்ளைகள் 'கோத்திக்' என்ற கறுப்பு உடுப்புக்காரரை வீதியில் கண்டிருப்பார்கள். கணவர் அல்பேட் 1861இல் இறந்ததிலிருந்து 1901இல் தாம் இறக்கும்வரை, சுமார் 40 ஆண்டுகள் விக்டோரியா இராணி கறுப்புத் துக்க உடையே உடுத்தார். அந்தக் காலத்துக் கறுப்புப் பட்டையும் லேசையும் பார்த்துத்தான் இவர்கள் பலர் தைக்கிறார்கள். வட இங்கிலாந்தின் விட்பி என்ற கடற்கரை ஊரில் 1994 முதல் இவர்கள் கூடுவதுண்டு.

அவர்களுடைய பாணி நமக்கு வேண்டியதில்லை. ஆனால் அவர்களுடைய உழைப்பில் படிப்பினை உண்டு. 100, 150 ஆண்டுப் பழைய சட்டையை மேசையில் விரித்து, தையலை எண்ணி, கடதாசியில் அளவெடுத்து, தம் கையால் தைக்கிறார்கள். தம்முடைய பாட்டிமார் உடுத்திராத உடுப்புக்கே அவ்வளவு உழைப்பு! நம் உம்மம்மாவின் முழுக்கைச் சட்டை எப்படித் தைக்கப்பட்டது, சாரியின் முந்தானையை இழுத்து முட்டாக்குப் போடும்போது அது நழுவாமல் எப்படி நின்றது என்று நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? இத்தாவில் இருக்கும் பெண் வெள்ளை உடுப்பது நம் ஊர் வழக்கம். மார்க்கம் அலங்காரத்தைத்தான் தவிர்க்கச் சொன்னது, நிறத்தைக் குறிப்பிடவில்லை. இத்தகைய வேறுபாடுகள்கூட, பழையதைச் சொல்லித் தருவோர் இருந்தால்தான் விளங்கும்.

வைத்துப் பேணும் முறை

பழைய துணியை மென்மையான சவர்க்காரத்தில் அலசி, நிழலில் உலர்த்தி வையுங்கள். கஞ்சி போட வேண்டாம். கஞ்சியைத் தேடிப் பூச்சி வரும். பொலித்தீன் பையில் கட்டி வைத்தால் ஈரம் உள்ளே அடைபட்டுப் பூஞ்சணம் பிடிக்கும். கழுவிய பழைய வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி வைப்பதே நல்லது. பத்திரிகைத் தாளில் சுற்றினால் மை ஒட்டும், துணி மஞ்சளாகும். ஒரே மடிப்பில் பல ஆண்டுகள் கிடந்தால் அந்த மடிப்பிலேயே இழை அறும். ஆகவே மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை எடுத்துக் காற்றாட விட்டு, வேறு இடத்தில் மடியுங்கள். பூச்சி உருண்டையைச் சரிகையின் மேல் நேரே வைத்தால் சரிகை கறுக்கும்.

இன்னொன்றும் முக்கியம். பூச்சி உருண்டையோடு கிடந்த குழந்தைச் சட்டையைக் கழுவி வெயிலில் காற்றாட விடாமல் குழந்தைக்கு அணிவிக்கவே வேண்டாம். பிறவியிலேயே ஒருவகை இரத்தக் குறைபாடு உள்ள சிசுக்களுக்கு அந்த ஆவி பட்டால் இரத்தத்தின் செவ்வணுக்கள் உடைந்து கடும் மஞ்சட்காமாலை வரலாம்.

மீண்டும் தைக்கும் முறை

பழைய சட்டையைப் பிரித்துப் பார்க்க வேண்டியதில்லை. மேசையில் தடித்த துணியை விரித்து, அதன்மேல் பழுப்புக் கடதாசி ஒன்றை வையுங்கள். சட்டையின் ஒரு பாகத்தை மட்டும் அதன்மேல் தட்டையாக நீவி, தையல் ஓடும் வழியே குண்டூசியால் கடதாசியில் சிறு புள்ளிகள் குத்திக்கொண்டு போங்கள். சட்டையை எடுத்தபின் புள்ளிகளைப் பென்சிலால் சேர்த்து, சுற்றிவர அரை அங்குலம் தையலுக்காகக் கூட்டுங்கள். முன், பின், கை, கழுத்து என்று ஒவ்வொன்றாக எடுத்தால் முழு அளவும் கையில் வந்துவிடும். நல்ல துணியில் கத்தரி வைக்குமுன் மலிவான பருத்தித் துணியில் ஒருமுறை தைத்துப் பாருங்கள். மேல்நாட்டார் இந்தச் சோதனைத் தையலுக்கு வைத்த பெயர் 'மஸ்லின்'. அந்தத் துணியின் பெயர் ஈராக்கின் மௌஸில் நகரிலிருந்து வந்தது.

பழைய சட்டை ஒன்றுமே மிஞ்சாத வீடுகள் என்ன செய்வது? ஊரில் இருக்கும் மூத்த பெண்களிடம் போங்கள். வெறுங்கையோடு போகாமல் ஒரு துண்டுத் துணியும் ஊசி நூலும் எடுத்துச் செல்லுங்கள். வாயால் கேட்டால் 'எல்லாம் மறந்துபோச்சு, மகள்' என்பார்கள். ஊசியைக் கையில் கொடுத்தால் விரல் தானே நினைத்துக்கொள்ளும். கழுத்து எவ்வளவு உயரம், கை எதுவரை, தெறி முன்னாலா பின்னாலா, லேசு எங்கே வைத்தது, யாரிடம் தைத்தது என்று கேட்டுக் கொப்பியில் எழுதுங்கள். 1990இல் 20 வயதாக இருந்த பெண் இன்று 50ஐத் தாண்டிவிட்டார். அன்று 50 வயதாக இருந்தவர்களில் பலர் இன்று நம்மோடு இல்லை. இந்த வேலைக்கு இருக்கும் காலம் குறைவு.

எல்லை எது?

சேர்ப்பது வேறு, குவிப்பது வேறு. ஒவ்வொருவர் நினைவாகவும் ஒரு உடுப்பு இருந்தால் போதும். மிச்சத்தில் உடுக்கத் தக்கவற்றைத் தேவையுள்ளோருக்குக் கொடுத்துவிடுங்கள். பெருமைக்காகக் காட்டி வைப்பதும் விரயமும் நமக்கு ஆகாதவை. அதேபோல், இன்று அபாயா உடுக்கும் மகள், முட்டாக்குப் போட்ட உம்மம்மாவைப் பார்த்து 'அந்தக் காலத்தில் ஒன்றும் தெரியாமல் இருந்தார்கள்' என்று எண்ண வேண்டாம். அந்த முந்தானைக்குள்ளும் வெட்கமும் ஈமானும் இருந்தன. பெட்டியில் அதை மடித்து வைப்பதால் அபாயாவுக்கு ஒரு குறையும் வராது.

கடைசியாக ஒரு சிறு வேலை சொல்கிறேன். ஒரு சாண் வெள்ளைத் துணி எடுங்கள். உடுத்தவர் யார், தைத்தவர் யார், எந்த ஆண்டு, எந்தத் தெரு என்ற நான்கையும் அதில் எழுதுங்கள். பேனை மை ஊறிப் பரவும். ஆகவே பென்சிலால் எழுதி, எழுத்தின் மேல் நூலால் தையுங்கள். அந்தத் துண்டைச் சட்டையின் உட்புறத்தில் நான்கு தையலால் பிடித்து வையுங்கள். உங்கள் மகளையும் பக்கத்தில் இருத்தி, ஊசியில் நூல் கோக்கும் வேலையை அவளிடம் கொடுங்கள். கோத்துக்கொண்டே அவள் கேள்வி கேட்பாள். பதில் சொல்லுங்கள்!