மேக்ரோ பிழையும் விசை அமைப்பும்

சங்கக் கணக்குகளைக் கணினியில் எழுதும் வழக்கம் பரவிய பின்னர், எக்செல் விரிதாளும் அதில் இயங்கும் மேக்ரோ என்னும் ஆணைத்தொடரும் குமாஸ்தாக்களுக்கு உற்ற துணையாகிவிட்டன. எனினும் ஒரு கணினியில் செவ்வனே ஓடிய மேக்ரோ, மற்றொரு கணினியில் தொகையைத் தவறான கட்டத்தில் இடுவதுண்டு. உடனே குமாஸ்தாவின் கவனக்குறைவு என்று முடிவு கட்டுதல் நியாயமன்று. அக்கணினியின் விசை அமைப்பை முதலில் நாம் ஆராய வேண்டும்.

1983-இல் வெளிவந்த லோட்டஸ் 1-2-3 என்னும் விரிதாளுக்குப் பழகியவர்கள் தடுமாறாதிருக்க, அதன் விசைப் பழக்கத்தைத் தரும் ஏற்பாடு ஒன்று எக்செலில் சேர்க்கப்பட்டது. லோட்டஸுக்கான ஆதரவை ஐ.பி.எம். 2014-இல் நிறுத்திவிட்டது; ஏற்பாடோ எக்செலில் தங்கிவிட்டது. அதன் பெயர் 'டிரான்ஸிஷன் நாவிகேஷன் கீஸ்'.

ஹோம் விசை வழக்கமாக நாம் நிற்கும் வரியின் தொடக்கத்துக்குச் செல்லும். இவ்வேற்பாடு இயங்கினால் தாளின் முதற் கட்டத்துக்கே போய்விடும். நாற்பதாம் வரியிலுள்ள நெசவாளியின் கூலியை, ஹோம் விசையை நம்பிப் பதியும் மேக்ரோ, தாளின் தலைப்பின்மீது எழுதிவிடும். பிழைச் செய்தி வராமலே போகலாம். கூலி மட்டும் உரியவர் பெயரில் ஏறாது. இவ்வேற்பாடு கணக்குக் கோப்பில் அன்று, அந்தந்தக் கணினியின் எக்செலில் அமைவது. ஆதலின் கோப்பை மட்டும் பார்ப்பவருக்குக் காரணம் புலப்படாது.

பரிசோதிக்கும் முறை வருமாறு:

1. ஃபைல், ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்டு என்று சென்று, இறுதிப் பகுதியில் லோட்டஸ் என்னும் தலைப்பின்கீழ் மேற்சொன்ன பெயருக்கு எதிரேயுள்ள குறியை நீக்குக.

2. அதே அட்வான்ஸ்டு பக்கத்தின் தொடக்கத்தில், என்டர் விசை அழுத்தியபின் கட்டம் கீழே நகருமா, வலப்புறம் நகருமா என்று காண்க. கணினிக்குக் கணினி இது வேறுபட்டால் பதிவும் வேறுபடும்.

3. ஸ்க்ரோல் லாக் இயங்கினால் அம்பு விசைகள் தாளையே நகர்த்தும். தேர்ந்த கட்டம் மாறாது. அதனை அணைத்திடுக.

நிலையான பரிகாரமோ வேறு. விசைகளை அழுத்துவதுபோல் ஆணையிடும் சென்ட்கீஸ் முறையை விடுத்து, கட்டத்தின் முகவரியைச் சொல்லிப் பதியுமாறு மேக்ரோவை எழுதச் செய்க. முகவரியைச் சொன்ன ஆணைக்கு எந்த விசை அமைப்பும் தடையாகாது. அதன் பின்னும், மாதாந்திரப் பதிவை மூல ரசீதுகளுடன் ஒப்பிட்டுப் பார்த்தலே அங்கத்தினரின் பணத்துக்குக் காவல்.