வானைக் காத்த மாளிகை

இலண்டன் மாநகரின் வடமேற்கே, ஸ்ரான்மோர் என்னுமிடத்தில், மேட்டுநிலமொன்றின்மீது பழைய மாளிகையொன்று நிற்கின்றது. அதன் பெயர் பென்ற்லி பிரையறி. பிரையறி என்னும் ஆங்கிலச் சொல் துறவியர் மடத்தைக் குறிக்கும். முற்காலத்தில் அப்பகுதியிலே அகுஸ்தீன் சபைத் துறவியரின் மடமொன்று இருந்தது. எட்டாம் ஹென்றி மன்னன் மடங்களைக் கலைத்தபோது அதுவும் மறைந்தது. பெயர் மாத்திரம் எஞ்சியது. அமைதி நாடியோர் விட்டுச்சென்ற அப்பெயரைத் தாங்கிய வீட்டிலிருந்தே 1940இல் இங்கிலாந்தின் வான்போர் நடத்தப்பட்டது என்பது வரலாற்று விந்தைகளுள் ஒன்றாகும்.

கைமாறிய செல்வம்

இம்மாளிகைக்கு அடிகோலியவர் படையினருக்குச் சீருடை வழங்கிய ஒப்பந்தகாரரான ஜேம்ஸ் டுபேர்லி என்பவர். 1766இல் அவர் கட்டிய வீட்டை 1788இல் அபர்கோர்ன் பிரபு வாங்கினார். ஜோன் சோன் என்னும் புகழ்பெற்ற கட்டடக் கலைஞரைக் கொண்டு அதனைப் பெரிதாக்கினார். நான்காம் வில்லியம் மன்னரின் கைம்பெண்ணான அடிலெயிட் இராணி தம் இறுதி நாள்களை இங்கே கழித்து, 1849 டிசெம்பரில் உயிர்நீத்தார். பின்னர் ஹோட்டல் முதலாளியொருவர் இதனை விடுதியாக்கினார், விடுதி செழிக்கவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இது பெண்கள் பாடசாலையாயிற்று. ஈற்றில், 1926இல், விமான அமைச்சு இதனை விலைக்கு வாங்கிற்று.

செய்திகள் கூடுமிடம்

1936 யூலை 14ஆம் நாள் பிரித்தானிய விமானப்படையின் போர்விமானப் பிரிவு நிறுவப்பட்டு, இம்மாளிகை அதன் தலைமையகமாயிற்று. தளபதியாக வந்தவர் சேர் ஹியூ டவுடிங். இங்கே விமானம் ஏறியிறங்கும் ஓடுபாதை இல்லை. அவ்வாறாயின் இவ்வீடு எவ்வாறு வானைக் காத்தது?

போர்விமானங்கள் நாள் முழுவதும் வானில் வட்டமிட்டு நிற்க இயலா, எரிபொருள் தீர்ந்துவிடும். பகைவர் எங்கே, எத்தனை பேர், எவ்வுயரத்தில் வருகின்றனர் என்பதை முன்னரே அறிந்தாலன்றி அவர்களைத் தடுக்க முடியாது. கரையோரத்து ராடர் நிலையங்கள் கடல்மேல் வரும் விமானங்களைக் கண்டு தொலைபேசியில் இவ்விடத்துக்கு அறிவித்தன. ஒரே கூட்டத்தை இரண்டு மூன்று நிலையங்கள் வெவ்வேறாக அறிவிப்பதுண்டு. அவற்றை ஒப்புநோக்கி, பிழை களைந்து, உண்மையைத் தெரிந்தெடுக்கும் அறையொன்று இங்கே இருந்தது. கரையைத் தாண்டிய விமானங்களை நிலத்தில் நின்ற பார்வையாளர் படையினர் கண்ணாலும் செவியாலும் தொடர்ந்தனர்.

தொடக்கத்தில் மாளிகையின் நடன மண்டபமே நடவடிக்கை அறையாக விளங்கிற்று. 1940 மார்ச்சில் அப்பணி நிலவறைக்கு மாற்றப்பட்டது. பெரிய மேசையில் விரிந்த வரைபடத்தின்மீது, பெண்கள் துணை விமானப்படையைச் சேர்ந்த இளம்பெண்கள் நீண்ட கோல்களால் குறிகளை நகர்த்தினர். சில நிமிடங்களுள் அச்செய்தி விமானத் தளங்களை எட்டியது.

ஒரு கடிதம்

1940 மே மாதத்தில் ஜேர்மானியப் படைகள் பிரான்சினுள் பாய்ந்தன. மேலும் போர்விமானங்களை அனுப்புமாறு பிரான்சு வேண்டிற்று. நட்பு நாட்டின் துயரை மறுப்பது எளிதன்று. எனினும் டவுடிங் மே 16ஆம் நாள் விமான அமைச்சுக்குக் கடிதமொன்று எழுதினார். நாட்டைக் காக்க 52 விமான அணிகள் வேண்டும் எனக் கணிக்கப்பட்டிருந்தும் 36 அணிகளுக்கு ஒப்பான வலிமையே எஞ்சியுள்ளது என்றும், அதனையும் இழந்தால் பிரான்சின் தோல்வியோடு இங்கிலாந்தும் மீளாத் தோல்வியுறும் என்றும் அவர் எச்சரித்தார். சில நாள்களுள் புதிய அணிகளை அனுப்புவது நிறுத்தப்பட்டது.

யூலை 10 முதல் ஒக்டோபர் 31 வரை நடந்த பிரித்தானியச் சமரில் ஏறக்குறைய 3,000 விமானவீரர் பங்குகொண்டனர். 544 பேர் மாண்டனர். எனினும் ஜேர்மனியால் இங்கிலாந்தின் வானைக் கைக்கொள்ள முடியவில்லை.

வென்ற தளபதிக்குக் கிடைத்தது யாது? இரவுக் குண்டுவீச்சைத் தடுக்க இயலவில்லை என்ற குறையும், பெருங்கூட்டமாய் விமானங்களை ஏவவேண்டும் என வாதித்தோரின் எதிர்ப்பும் சேர்ந்தன. அதே ஆண்டு நவம்பரில் அவர் பதவியினின்று அகற்றப்பட்டார். 1943இல் பிரபுப் பட்டம் வந்தபோது, ‘பென்ற்லி பிரையறியின் டவுடிங் பிரபு’ என இம்மாளிகையின் பெயரையே தம் பெயரோடு இணைத்துக்கொண்டார்.

2008இல் விமானப்படை இங்கிருந்து விடைபெற்றது. 2013இல் மாளிகையின் ஒரு பகுதி அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. ஏனைய பகுதிகளும் வளவும் குடியிருப்புகளாயின.

போர் என்றதும் வாளையும் வீரனையும் மட்டுமே நினைக்கின்றோம். சிதறிய செய்திகளைப் பொறுமையோடு கூட்டி, மெய்யையும் பொய்யையும் பிரித்தறிந்தோரும், வேண்டாத வேளையில் வேண்டிய சொல்லைத் துணிந்து உரைத்த ஒருவரும் அன்று ஒரு நாட்டைக் காத்தனர். மேசையருகே கோல் பிடித்து நின்ற அப்பெண்களுட் பெரும்பாலோரின் பெயரை வரலாற்று நூல்கள் கூறா. மாணவர்கள் போர் வரலாற்றைப் படிக்கும்போது அவர்களையும் நினைவிற் கொள்வார்களாக.