தோள்பட்டை ஜவ்வு பெருசா கிழிஞ்சா... தள்ளிப்போட்டால் தைக்கவே முடியாது!

சென்னை:-

மார்க்கெட்டில் மூட்டை தூக்குபவர், சாரத்தில் நின்று பெயிண்ட் அடிப்பவர், தலைக்கு மேல் கையை நீட்டி சென்ட்ரிங் வேலை பார்ப்பவர்... 45, 50 வயதை தாண்டியதும் இவர்களில் பலரும் சொல்லும் புகார், "தோள்பட்டை குத்துது, ராத்திரி அந்தப் பக்கம் ஒருக்களிச்சு படுக்க முடியல" என்பதுதான். 'சுளுக்கு', 'வாயுப் பிடிப்பு' என்று தைலம் தேய்த்தே மாதக்கணக்கில் ஓட்டிவிடுகிறார்கள். சட்டை மாட்டக்கூட கை வராத நிலை வந்த பிறகுதான் ஆஸ்பத்திரி ஞாபகம் வருகிறது.

தோள் மூட்டு என்பது பந்தும் கிண்ணமும். ஆனால் அந்த கிண்ணம் ஆழம் இல்லாதது, தட்டு மாதிரி. பந்து நழுவாமல் இழுத்துப் பிடித்திருப்பது 4 தசைகளின் நார்கள். டாக்டர்கள் இதை 'ரொட்டேட்டர் கஃப்' என்கிறார்கள். மக்கள் பேச்சில் ஜவ்வு. வயது ஏற ஏற இது பழைய கயிறு போல நைந்துவிடும். பிறகு ஒரு மூட்டையை வெடுக்கென்று தூக்கினாலோ, பைக்கில் இருந்து கையை ஊன்றி விழுந்தாலோ அறுந்துவிடுகிறது. 3 முதல் 5 செ.மீ. வரை கிழிந்தால் பெரிய கிழிசல். 5 செ.மீ.க்கு மேல் போனால் மிகப்பெரிய கிழிசல்.

கையை விட்டால் பொத்தென்று விழும்

சர்க்கரை நோயாளிகளுக்கு அதிகம் வரும் 'உறைந்த தோள்பட்டை' வேறு, இது வேறு. உறைந்த தோளில் அடுத்தவர் பிடித்து தூக்கினாலும் கை மேலே ஏறாது. பெரிய கிழிசலில் அடுத்தவர் தூக்கினால் ஏறும், பிடியை விட்டால் பொத்தென்று விழும். இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு.

எக்ஸ்ரேயில் ஜவ்வு தெரியாது. "எலும்பு நல்லாத்தான் இருக்கு" என்று கேட்டதும் நிம்மதியாக வீட்டுக்கு கிளம்பிவிடக் கூடாது. எம்.ஆர்.ஐ. அல்லது அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில்தான் விஷயம் வெளியே வரும். 40 வயதுக்கு மேல் தோள் மூட்டு நழுவியவர்கள், மூட்டை சரியாக உட்கார வைத்த பிறகும் கை தூக்க முடியாவிட்டால் உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

அதற்காக கிழிந்தவர்கள் எல்லோருக்கும் ஆபரேஷன் என்று இல்லை. 60 வயதுக்கு மேல் பலருக்கு வலியே தெரியாமல் கிழிசல் இருக்கும். உடற்பயிற்சி சிகிச்சையிலேயே சமாளிப்பவர்களும் உண்டு. ஆனால் விபத்தில் திடீரென பெரிதாக கிழிந்தவர்கள் காத்திருப்பது ஆபத்து.

தசை கொழுப்பாகிவிடும்

அறுந்த நார் ரப்பர் பேண்டு போல உள்ளே சுருங்கும். வேலை இல்லாத தசை கொஞ்சம் கொஞ்சமாக கொழுப்பாக மாறும். பிரான்ஸ் டாக்டர் கூட்டாலியே 1994-ல் இதை 0 முதல் 4 வரை 5 நிலைகளாக பிரித்தார். பாதிக்கு பாதி கொழுப்பாகிவிட்டால் அது 3-வது நிலை. அதன் பிறகு தைத்தாலும் பிடிப்பது கடினம். ஒருமுறை கொழுப்பான தசை பழையபடி திரும்புவதும் இல்லை.

ஆபரேஷன் இப்போது பெரும்பாலும் சாவித்துவார முறையில் நடக்கிறது. சிறு துளைகள் வழியாக கேமராவை விட்டு, எலும்பில் 'ஆங்கர்' என்ற சின்ன திருகுகளை பதித்து, அதில் உள்ள நூலால் நாரை இழுத்து கட்டுகிறார்கள். இதில் ஒளிக்காமல் சொல்ல வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. 2004-ல் வெளியான அமெரிக்க ஆய்வில், இப்படி தைத்த 18 பெரிய கிழிசல்களில் 17 மறுபடி விட்டுப்போயிருந்தன. ஆனாலும் பெரும்பாலானோருக்கு வலி குறைந்திருந்தது! அதன் பின் தையல் முறைகள் எவ்வளவோ முன்னேறிவிட்டன. இருந்தாலும் சின்ன கிழிசலை விட பெரிய கிழிசல் மறுபடி கிழிய வாய்ப்பு அதிகம்தான். பீடி, சிகரெட், கட்டுப்படாத சர்க்கரை இருந்தால் இன்னும் மோசம்.

தைக்கவே முடியாத நிலையில் உள்ள வயதானவர்களுக்கு 'ரிவர்ஸ்' மூட்டு மாற்று உண்டு. பந்து இருக்க வேண்டிய இடத்தில் கிண்ணம், கிண்ணத்தின் இடத்தில் பந்து. வலி போகும், கையும் உயரும். ஆனால் அந்த தோளில் மறுபடி மூட்டை சுமப்பதை மறந்துவிட வேண்டியதுதான்.

6 மாத கூலி போச்சே!

கூலித்தொழிலாளிக்கு ஆபரேஷனை விட பெரிய பயம் அதற்கு பிறகுதான். சுமார் 6 வாரம் கை தொட்டிலில். 3 மாதம் வரை எடை தூக்கக் கூடாது. கனமான வேலைக்கு 6 மாதம் அல்லது அதற்கு மேலும் ஆகும். வலி குறைந்துவிட்டதே என்று 2-வது மாதமே வேலைக்கு போனால் தையல் பிய்ந்துவிடும்.

அரசு ஆஸ்பத்திரியில் சேருபவர்கள், முதல்-அமைச்சரின் விரிவான மருத்துவ காப்பீட்டு அட்டை இருந்தால், ஆங்கர் செலவும் அதில் சேருமா என்று காப்பீட்டு கவுண்டரில் முதலிலேயே கேட்டுக்கொள்வது நல்லது. இ.எஸ்.ஐ. உள்ளவர்களுக்கு தகுதி இருந்தால் நோய்க்கால உதவியாக சம்பளத்தில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை கிடைக்கும். வேலையின்போது விழுந்து கிழிந்தது என்றால் அது பணிக்காயம். அதற்கு 90 சதவீதம், வேலைக்கு போக முடியாத காலம் முழுவதும். ஆனால் விழுந்த அன்றே கம்பெனியின் விபத்து பதிவேட்டில் எழுத வைத்திருக்க வேண்டும்.